கணித்திரையில் ‘அண்ணாமலை’: கட்டற்ற இடைமுகக் கருவித்தொகுதிகளின் ஆக்கமும் பேணலும்

திருவண்ணாமலையில் மலைவலம் வருவோர் ஏறத்தாழப் பாதி வழி நடந்தபின் மலையின் மேற்புறத்தே காணும் சிற்றூர் அடி அண்ணாமலை. அவ்வூரின் தொன்மையையோ அங்குள்ள கோயிலின் வரலாற்றையோ ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அதன் பெயரை மட்டுமே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். கல்லில் இப்பெயரைப் பொறித்தவன் கல்தச்சன். ஏட்டில் கீறியவன் எழுத்தாளன். கணிப்பொறியின் திரையில் இதனை எழுதுபவர் யார்? விசைப்பலகையைத் தட்டுபவரே எழுதுகிறார் என்பர். அவ்விடை முழுமையுடையது அன்று. தட்டுபவர் கையிலிருந்து செல்வன எண்களே. அவ்வெண்களை வாங்கி, எழுத்தாக்கி, இன்ன இடத்தில் இன்ன வடிவில் நிற்க என்று திரையில் நிறுத்துவது பிறிதொன்று. அதனையே கருவித்தொகுதி என்கிறோம். தமிழெழுத்தின் இயல்பு பற்றிய பல முடிபுகள் இன்று அதனுள்ளேதான் செய்யப்படுகின்றன. அம்முடிபுகளைச் செய்வோருள் தமிழ் அறிந்தோர் மிகச் சிலர். ஆதலின் இப்பொருள் தமிழாய்வுக்குப் புறம்பானது அன்று.

முதற்கண் கருவித்தொகுதி யாது என்பதை விளக்குவோம். திரையில் நாம் காணும் சாளரம், பொத்தான், பட்டி, உரை எழுதும் பெட்டி ஆகியவற்றின் தொகுதியை வரைகலை இடைமுகம் என்று வழங்குகிறோம். நிரல் எழுதுவோர் ஒவ்வொருவரும் பொத்தானைத் தாமே கோடுகோடாக வரைய வேண்டுவதில்லை. ஒருமுறை செம்மையாக எழுதப்பட்ட உறுப்புகளின் தொகை ஒன்று இருப்பின், எல்லா நிரல்களும் அதனை எடுத்தாளலாம். அத்தொகையே கருவித்தொகுதி. அது வெறும் சித்திரப் பெட்டி அன்று என்பதும் அறியத்தக்கது. விசை அழுத்தப்பட்டதா, சுட்டி நகர்ந்ததா, சாளரம் விரிந்ததா என்று ஓயாது காத்திருந்து, நேர்ந்ததற்கு ஏற்ப நிரலை அழைப்பதும் அதுவே. எளிமையாகக் கூறின், நிரல் கருவித்தொகுதியை ஏவுவதினும், கருவித்தொகுதி நிரலை ஏவுவதே மிகுதி.

இத்தகைய தொகுதிகளுள் கட்டற்றவை, அஃதாவது எவரும் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பரப்பவும் உரிமை தருவன, இரண்டு பெரிதும் பயில்கின்றன. ஒன்று ஜிடிகே, மற்றொன்று க்யூட்டி. இவற்றின் தோற்றம் சுவையானது. அமெரிக்காவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழக மாணவர் இருவர், ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்போர், படம் திருத்தும் நிரல் ஒன்றைச் செய்தனர். கிம்ப் என்னும் பெயரால் 1996-இல் வெளிவந்த அது முதலில் மோட்டிஃப் என்னும் தொகுதியின்மேல் கட்டப்பட்டிருந்தது. மோட்டிஃபோ விலைகொடுத்து உரிமம் பெற வேண்டிய பொருள். அதன் போக்கும் மாட்டிசுக்கு உவப்பாக இல்லை. ஆதலின் அவர் தமக்கு வேண்டிய உறுப்புகளைத் தாமே எழுதத் தொடங்கினார். கிம்பின் கருவித்தொகுதி என்னும் பொருள்பட அமைந்த பெயரே ஜிடிகே. படம் திருத்தும் ஒரு நிரலின் தேவைக்காகப் பிறந்தது, பின்னர் ஒரு கணிமேடை முழுமைக்கும் அடித்தளமாயிற்று.

க்யூட்டியின் கதை உரிமத்தைப் பற்றியது. நார்வே நாட்டினர் இருவர் 1994-இல் நிறுவிய நிறுவனம் அதனை மறு ஆண்டில் வெளியிட்டது. 1996-இல் ஜெர்மானியராகிய மத்தியாஸ் எட்ரிச் என்பார் கேடிஈ என்னும் மேடையைத் தொடங்கியபோது அதனையே தெரிந்தெடுத்தார். தொகுதி சிறந்தது, அதன் அன்றைய உரிமமோ முழு உரிமை அளிப்பதன்று. இக்குறையை முன்னிட்டே 1997-இல் ஜிடிகே-யின்மேல் க்னோம் என்னும் மாற்று மேடை எழுந்தது. நிறுவனம் பின்னர்ப் படிப்படியாக நெகிழ்ந்தது. 1998-இல் மூலநிரலைத் திறந்தது. 2000-இல் பொது உரிமத்தையும் 2009-இல் அதனினும் தளர்ந்த உரிமத்தையும் ஏற்றது. தொகுதியைக் கட்டற்ற வடிவில் வெளியிடுவது ஓராண்டு தடைப்படின் அதனை வெளியிடும் உரிமை ஒரு பொது அறநிலையைச் சாரும் என்று 1998-இல் செய்த உடன்பாடும் உண்டு. பின்னர் அத்தொகுதி கைக்குக் கை மாறிய காலத்தும் இவ்வுடன்பாடு நிலைத்திருந்தது. சுவடி ஒருவர் வீட்டுப் பேழையில் கிடந்த காலத்தையும் அது அச்சேறிய காலத்தையும் ஒப்பிட்டறிந்த நமக்கு இவ்வேறுபாட்டின் அருமையை எவரும் சொல்ல வேண்டுவதில்லை. மோட்டிஃபும் 2012-இல் திறந்துவிடப்பட்டது. அதற்குள் அதனை நாடுவார் அருகிவிட்டனர்.

நிற்க. ‘அடி அண்ணாமலை’ என்னும் பெயருக்கு மீள்வோம். கண்ணால் எண்ணுவார்க்கு இதில் ஏழு எழுத்துகள்: அ, டி, அ, ண், ணா, ம, லை. ஒருங்குறி முறையில் இதனைச் சேமிக்கும்போது குறியீடுகள், இடைவெளியையும் சேர்த்து, பன்னிரண்டு. டி என்பது டகரமும் இகரக் குறியுமாக இரண்டு. ண் என்பது ணகரமும் புள்ளியுமாக இரண்டு. ணா, லை ஆகியனவும் அவ்வாறே. ஜிடிகே கையாளும் சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டுகள் வேண்டும்; ஆகவே இப்பெயருக்கு முப்பத்து நான்கு பைட்டுகள். க்யூட்டியின் முறையில் இருபத்து நான்கு. ஏழோ, பன்னிரண்டோ, முப்பத்து நான்கோ, ‘நீளம் எவ்வளவு’ என்னும் வினாவுக்குக் கருவித்தொகுதி சூழலுக்கு ஏற்ற விடையைத் தரவேண்டும். தவறின், பெயர் பாதி எழுத்தில் முறியும்.

வரிசையிலும் சிக்கல் உண்டு. லை என்பதில் லகரம் முன்னும் ஐகாரக் குறி பின்னுமாகவே சேமிக்கப்படுகின்றன. ஒலிப்பு முறையும் அதுவே. திரையிலோ குறி முன்னே நிற்க வேண்டும். இம்மாற்றத்தைச் செய்வது எழுத்து வடிவாக்கப் பொறி. பழைய தொகுதிகளில் இப்பொறியே இல்லை. ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம் என்பதே அவற்றின் கொள்கை. ஆதலின் டிஸ்கி போன்ற முறைகளும், 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பரிந்துரை பெற்ற டேப் முறையும், கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே, குறியை முன்வைத்தே, சேமித்தன. அதனால் திரையில் தமிழ் தோன்றிற்று. அகரவரிசைப்படுத்தலும் தேடலும் இடர்ப்பட்டன. தொகுதியின் குறையை எழுத்துமுறை சுமந்தது எனலாம்.

இக்குறையை நீக்க 1990-களின் இறுதியில் ஜிடிகே-க்கென எழுந்ததே பாங்கோ என்னும் கூறு. பெயரிலேயே அதன் நோக்கம் விளங்கும்: ‘எல்லாம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் ‘மொழி’ என்று பொருள்படும் சப்பானியச் சொல்லும் புணர்ந்த தொடர் அது. 2002 மார்ச்சில் வெளிவந்த ஜிடிகே இரண்டாம் பதிப்பு இதனை உட்கொண்டது. இக்கூறு உருவாகிய தொடக்க நாளிலேயே தமிழுக்கெனத் தனிப்பகுதி ஒன்று அதனுள் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. ஒருங்குறியாக வரும் தமிழை டிஸ்கி எழுத்துருவின் வடிவங்களாக மாற்றித் தரும் பகுதி அது; தமிழர் ஒருவர் எழுதியளித்தது. பின்னாளில் இந்திய எழுத்துகள் யாவற்றுக்கும் பொதுவான முறை வந்தபோது அது வழக்கொழிந்தது. 2012-இல் பாங்கோ வடிவாக்கப் பணி முழுவதையும் ஹார்ஃப்பஸ் என்னும் பொறியிடம் ஒப்படைத்தது. இப்பெயரும் பாரசீகத் தொடர். ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும். இன்று ஜிடிகே, க்யூட்டி இரண்டும் மட்டுமன்றி ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியனவும் இப்பொறி ஒன்றையே சார்ந்து தமிழை எழுதுகின்றன. இதன் இந்திய எழுத்துப் பகுதியைச் சோதிக்க விக்கிப்பீடியாவிலிருந்து சொற்கள் திரட்டப்பட்டன. தமிழில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு சொல்லும் மைக்ரோசாஃப்டின் பொறி தரும் வடிவோடு ஒப்பிடப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதியோர் தாம் அறியாமலே இப்பணிக்குத் துணைநின்றனர்.

அண்ணாமலை என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. 1978 அக்டோபரில் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் வடிவம் மாறிய பதின்மூன்று எழுத்துகளுள் இரண்டு இச்சொல்லில் உள்ளன. ஒன்று ணா, மற்றது லை. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட அவ்வடிவங்களே இன்று பயில்வன. அதற்கு முந்திய நூல்களில் ணகரம் காலின்றித் தானே வளைந்து ஆகாரம் காட்டும். லகரத்தின் தலைமேல் துதிக்கை ஏறி நிற்கும். ஒருங்குறியில் பழைய லை, புதிய லை என இரு குறியீடுகள் இல்லை. குறியீடு ஒன்றே; எவ்வடிவில் தோன்ற வேண்டும் என்பது எழுத்துருவுக்குள் எழுதப்பட்ட பதிலீட்டு விதி. அவ்விதியை நிறைவேற்றுவது வடிவாக்கப் பொறி. ஆகவே, பழம்பதிப்பு ஒன்றை அதன் வடிவிலேயே காட்டவும், அதே உரையை இன்றைய வடிவில் படிக்கவும், எழுத்துருவை மாற்றினாற் போதும். மூலத்தில் ஒரு குறியீடும் மாறவேண்டுவதில்லை. வரிவடிவம் வேறு, எழுத்து வேறு என்னும் நம் இலக்கண உணர்வுக்கு இஃது இயைந்ததே.

இயையாத இடமும் உண்டு. சுட்டுக்குறி லை-யின் முன்னே நிற்கும்போது அழிவிசையைத் தட்டினால், ஜிடிகே லை முழுவதையும் ஓரெழுத்தாகக் கொண்டு நீக்கும். குறி லை-யின் பின்னே நிற்கும்போது பின்னழிவிசையைத் தட்டினாலோ, ஐகாரக் குறி மட்டும் நீங்கும். ஒரு விசைக்கு உயிர்மெய் பிரிவிலாத ஓரெழுத்து. மற்றதற்கு அது கூட்டெழுத்து. ஒரே நிரலுள் இரண்டு எழுத்திலக்கணங்கள்! இரண்டாவதும் தொல்காப்பிய நெறி அன்று. லை-யினின்று ஐ நீங்கின் எஞ்ச வேண்டுவது புள்ளி பெற்ற ல் அன்றோ? இங்கே எஞ்சுவது அகரமேறிய ல. குறியீட்டு முறை அகரமேறிய மெய்யை அடியாகக் கொண்டு, புள்ளியைச் சேர்ப்பாக வைத்ததன் விளைவு இது. 1988-இல் வகுத்த இஸ்கி என்னும் இந்தியப் பொதுமுறையினின்று ஒருங்குறி இதனைப் பெற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்-16 என்னும் முறை தமிழர் வகுத்தது. தமிழக அரசு 2010 சூனில் ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. எனினும் உலகளாவிய தொகுதிகள் ஒருங்குறியையே பின்பற்றுவதால் அம்முறை அவற்றுள் இடம்பெறவில்லை.

இதனைப் பிழையென்று ஒரேயடியாகத் தள்ளுதலும் ஆகாது. தமிழ்99 விசைப்பலகையில் ல என்னும் விசையையும் பின்னர் ஐ என்னும் விசையையும் தட்டினால் லை பிறக்கிறது. பின்னழிவிசை கடைசித் தட்டலை மீட்கிறது, அவ்வளவே. தட்டச்சர் அதனையே எதிர்பார்க்கிறார். இலக்கணியின் நோக்கும் தட்டுபவரின் நோக்கும் முரணும் இவ்விடத்தில் எதனைக் கொள்வது என்பது ஆராய்ச்சிக்குரிய வினா. அதனை இதுகாறும் தீர்த்து வந்தோர் பொறியாளரே. சுட்டுக்குறி நகர்வைப் பொறுத்தவரை ஒருங்குறி ஆவணம் 2008-இல் ஒரு திருத்தம் கண்டது: அதன்பின் உயிர்மெய் முழுவதும் ஓரலகு. அதற்கு அவ்வாவணம் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ‘நி’ என்னும் நம் எழுத்தே.

இனிப் பேணலைப் பற்றிக் கூறுவோம். ஒரு தொகுதியை ஆக்குதல் சில ஆண்டுப் பணி. பேணுதலோ தலைமுறைப் பணி. தொகுதி மாறின் அதன்மேல் நிற்கும் நூற்றுக்கணக்கான நிரல்களும் ஆட்டம் காணும். ஆகவே, ஒரு பெரும்பதிப்பின் காலம் முழுதும் பழைய நிரல்கள் திருத்தமின்றி இயங்கும் என்று பேணுவோர் உறுதி தருகின்றனர். உறுதியைக் காப்பதோ அரிது. திரைகள் நுண்மை பெற்றன, தொடுதிரை வந்தது, லினக்சில் சாளரங்களை ஆளும் அடிமுறையே எக்சிலிருந்து வேலாண்டுக்கு மாறலாயிற்று. ஒவ்வொன்றுக்கும் தொகுதி இடம்கொடுக்க வேண்டும். பழைய கட்டமைப்பு தாங்காதபோது புதிய பெரும்பதிப்பு எழுகிறது. ஜிடிகே மூன்றாம் பதிப்பு 2011-இலும், நான்காம் பதிப்பு 2020 டிசம்பரிலும் வந்தன. நான்கு வந்ததும் இரண்டைப் பேணுதல் முடிந்தது. ஜிடிகே எந்நிரலுக்காகப் பிறந்ததோ அந்தக் கிம்ப், மூன்றாம் பதிப்புக்கு மாறி முடித்தது 2025 மார்ச்சில்தான். பதினான்கு ஆண்டுகள்! சில நிரல்கள் காத்திராமல் வேறு தொகுதிக்குக் குடிபெயர்ந்தன. வலைப்போக்கை ஆராயும் வயர்ஷார்க் 2015-இல் ஜிடிகே-யை விட்டுக் க்யூட்டியை அடைந்தது. இம்மாற்றங்களால் நிரலாசிரியர் கொள்ளும் சினம் நியாயமற்றது அன்று. ஆயின் பேணுவோர் ஒரு சிலரே என்பதையும், அவருள்ளும் ஊதியம் பெறுவோர் குறைவே என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அன்றாடப் பேணல் புகழ் தருவதன்று. வழு ஒன்றைப் பற்றி முறையீடு வரும். அதனைத் தம் பொறியில் மீண்டும் தோற்றுவித்துப் பார்த்தல் முதல் வேலை. பெரும்பாலும் கடினமான வேலையும் அதுவே. பின்னர்த் திருத்தம், அத்திருத்தம் பிறிதொரு மொழியைக் கெடுக்கவில்லை என்பதற்குச் சோதனை, பிறர் மேற்பார்வை, வெளியீடு. ஒவ்வொரு மாற்றமும் எவரால், எந்நாளில், எக்காரணம் பற்றிச் செய்யப்பட்டது என்பது வரிவரியாகப் பதிவாகி நிற்கும். பாடவேறுபாடுகளின் மூலத்தைத் தேடி அலைந்த பதிப்பாசிரியர்க்கு இத்தகைய வரலாறு கிட்டியிருப்பின் எவ்வளவு உழைப்பு மிஞ்சியிருக்கும்!

இப்பணியில் தமிழறிவு வேண்டப்படும் இடங்கள் சிறியன, ஆனால் பலவாகும். ஒரு கோப்பை நீக்கவா என்று கேட்கும் தொடரில் கோப்பின் பெயர் நிற்கவேண்டிய இடம் வெற்றிடமாக இருக்கும். ஆங்கிலத்தில் அவ்விடத்தில் எப்பெயரையும் இட்டு நிரப்பலாம். தமிழிலோ இரண்டாம் வேற்றுமை உருபு பெயரோடு புணரவேண்டும். அண்ணாமலை என்பது அண்ணாமலையை ஆகும். காடு என்பது காட்டை ஆகும். மரம் என்பது மரத்தை ஆகும். பெயர் இன்னதென முன்னரே அறியாத நிலையில் புணர்ச்சி செய்வது எங்ஙனம்? மொழிபெயர்ப்போர் ‘என்பதை’ என்று ஒரு சொல்லை இடையே பெய்து உருபை அதன்மேல் ஏற்றிவிடுகின்றனர். நல்ல உத்தி. எனினும் இடைமுகத் தமிழ் சற்றே விறைத்து ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டிகளில் விரைவிசையைக் காட்ட ஆங்கிலச் சொல்லின் ஓரெழுத்தின்கீழ்க் கோடிடுவர். தமிழாக்கத்தில் ‘சேமி’ என எழுதி, அடைப்புக்குள் எஸ் என்னும் ஆங்கில எழுத்தைத் தனியே வைத்து அதன்கீழ்க் கோடிடும் வழக்கம் நிலைத்துவிட்டது. சொற்கள் நீளுமாதலின் பொத்தானும் உடன் நீளவேண்டும். உரையை அளந்து உறுப்பை அமைக்கும் தொகுதிகளில் இது தானே நிகழும். சென்னையில் சீ-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் தமிழ் இடைமுகம் தந்ததும், எழில் என்னும் தமிழ் நிரல்மொழிக்கு ‘எழுதி’ என்னும் தொகுப்பி ஜிடிகே-யின்மேல் அமைந்ததும், இவ்வடித்தளம் கட்டற்றதாய்க் கிடைத்ததன் பயனே. விழியற்றோர்க்குத் திரையைப் படித்துக்காட்டும் நிரலும், பொத்தானின் பெயரைத் தொகுதி சொன்னால்தான் அறியும்.

கல்வெட்டாய்வாளர்க்கு ஒன்று சிறப்பாகக் கூறவேண்டும். சாசனங்கள் பலவற்றின் தொடக்கத்தில் வரும் ஸ்ரீ என்பதை இருவகையாகச் சேமிக்கலாம். ஸகரத்தை முதலாகக் கொள்வது ஒன்று. 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தை முதலாகக் கொள்வது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகவே தோன்றும். திரையில் வேறுபாடு காண இயலாது. தேடினாலோ, ஒருவகையைத் தட்டித் தேடுவோர்க்கு மறுவகை அகப்படாது. இரண்டும் ஒன்றெனக் கொள்ளும் விதி ஒருங்குறியில் இல்லை. இருவர் பகிர்ந்து படியெடுத்த சாசனத் தொகுப்பில், ஒருவர் படியெடுத்தவை தேடலுக்கு எட்டாமலே போகலாம். ஒப்புநோக்கின், கொ என்பதைக் குறி ஒன்றாகச் சேமிப்பினும், கொம்பு, கால் என இரண்டாகச் சேமிப்பினும் ஒன்றே என்னும் விதி உண்டு. முறையாக எழுதிய நிரல் இரண்டையும் கண்டெடுக்கும். கௌ என்பதில் ஔகாரக் குறிக்கு மாறாக எகரக் குறியும் ளகரமும் இட்டு எழுதியதை எவ்விதியும் காப்பாற்றாது.

கோயிற் சாசனங்களில் பயிலும் பின்னங்கள், நில அளவைக் குறிகள், நெல் அளவைக் குறிகள் ஆகியன 2019-இல் ஐம்பத்தொரு குறியீடுகளாக ஒருங்குறியில் இடம்பெற்றன. இவை தமிழுக்கு முன்னரே ஒதுக்கிய பகுதியில் அல்லாமல் மிகத் தொலைவான வேறொரு பகுதியில் உள்ளன. எனவே அவற்றைத் தாங்கும் எழுத்துரு பொறியில் இல்லையெனின், தொகுதி வெற்றுக் கட்டத்தையே காட்டும். மா, காணி, முந்திரி முதலியவற்றை மூலக் குறிகளோடு பதிப்பிக்க விரும்புவோர் தாம் ஆளும் நிரலில் இவ்வைம்பத்தொன்றையும் ஒருமுறை எழுதிச் சோதித்தல் நன்று. கட்டம் தோன்றின், இன்ன குறியீடு, இன்ன எழுத்துரு, தொகுதியின் இன்ன பதிப்பு என்னும் மூன்றையும் குறித்து, எதிர்பார்த்த வடிவின் படத்தையும் இணைத்து முறையிட்டால் பேணுவோர் ஏற்றுக்கொள்வர். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதிய முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடக்கும்.